கிரேஸ் அக்கா எழுதாத கஷாயம்

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளறடை பேருந்தில் இருந்தபோது கிரேஸ் அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க. நாளைக்குக் காலையில சர்ச்சில வச்சு அடக்கம்." 

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. நோயாளிகளுக்கான துண்டுத்தாள்களை அங்கே தமிழில் எழுதியவர் கிரேஸ் அக்கா. மலையாளத்தில் எழுதியவன் நான். எதிரெதிர் நாற்காலிகளில் பல வருடம் இருந்தோம். ஓர் ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது என்று பார்க்காமல் அக்கா அதைத் தமிழில் எழுத மாட்டார்.

ஒருநாள் புற்றுநோய்ப் பிரிவின் தாளில் 'இன்ஃப்யூஷன்' வந்தது.

"எலே, இது லத்தீனாக்கும். உள்ளே ஊத்துறதுன்னு அர்த்தம். தேயிலையை வெந்நீரில ஊறப் போடுறதுக்கும் இதே சொல்லு, நரம்பில மருந்து ஏத்துறதுக்கும் இதே சொல்லு. மனுஷனுக்குள்ள தேவகிருபையை ஊத்துறதுக்கும் பழைய ஆளுகள் இதைத்தான் சொல்லியிருக்கு" என்றார். அன்று அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். 'நரம்பு வழியாக ஏற்றும் மருந்து' என்று எழுதிக் கொடுத்தார்.

அச்சாகி வந்த தாளில் அந்த இடத்தில் 'கஷாயம்' என்று இருந்தது. அக்கா எழுதியது நீளம் என்று நிர்வாக அதிகாரி அகராதியைப் பார்த்து மாற்றியிருந்தார். இருவரும் அவர் அறைக்குப் போனோம்.

"சார், இதைப் படிச்சா ஆளுகள் வீட்டில காய்ச்சிக் குடிப்பாங்க" என்றார் அக்கா.

"சாரமில்ல மேடம், பரவாயில்ல. எல்லாம் டாக்டர் சொல்லிக் கொடுப்பாரு."

டாக்டர் சொல்லவில்லை. காரோட்டைச் சேர்ந்த ஒரு மீன்பிடித் தொழிலாளியை புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பியபோது, எல்லாம் இதில் உண்டு என்று அந்தத் தாளைக் கையில் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை கஷாயம் எடுக்க வேண்டும் என்று படித்த அவர் மனைவி லில்லி, நாட்டு மருந்துக்கடையில் வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தார். நரம்பில் மருந்து ஏற்றாமலே மாதங்கள் போய், மருத்துவமனைக்குத் திரும்பி வந்தபோது நோய் முற்றியிருந்தது. அவர் பிழைக்கவில்லை.

மருத்துவமனை நடத்திய விசாரணையில், சொல்லை மாற்றியவர் அதிகாரிதான் என்று சொன்னேன். நன்றி என்றார்கள். தமிழுக்குப் பொறுப்பு கிரேஸ், தவறும் கிரேஸுடையது என்று முடித்தார்கள். வெளியே பேசாமல் இருந்தால் வேலையில் நீடிக்கலாம் என்று அக்காவிடம் சொன்னார்கள். மறுநாளே அக்கா காரோட்டுக்குப் போய், நடந்ததை லில்லியிடம் சொன்னார். அந்த வாரமே வேலை போயிற்று.

பிறகு பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றார். ஒருமுறை அங்கே போனபோது, "இன்னும் மனசில இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"கோபம் உண்டு மக்கா. சாவுறது வரைக்கும் உண்டு. அது போகவும் வேண்டாம்."

மாரடைப்பு அவரை அந்தக் கடையிலேயே சாய்த்தது.

அடக்கத்துக்கு அதே அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். "எங்கள் நிறுவனத்தின் தமிழ்க்குரல்" என்று ஆலயத்தில் பேசினார். அக்காவின் தம்பி தலை நிமிரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மழை பிடித்தது. மண் போட வந்த லில்லி, அந்த அதிகாரியின் முன்னால் நின்றார்.

"எங்க வீட்டுக்கு இவங்க ஒராளுதான் வந்தாங்க. நீங்க வரல்ல."

அதிகாரி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காருக்கு நடந்தார். குழி மூடும்வரை லில்லி நகரவில்லை. குடையும் பிடிக்கவில்லை.

கிரேஸ் அக்கா, கர்த்தர் உங்களை இளைப்பாறப் பண்ணட்டும். லில்லியின் வீட்டுக்குப் போகாத எங்களை அவ்வளவு எளிதில் இளைப்பாற விட வேண்டாம்.