தலைமையாசிரியர் உரசிப் பார்த்த வாள்

அந்த வெள்ளைக்காரர் கையில் பிரம்பு இல்லாததுதான் எனக்கு முதல் ஏமாற்றம். இங்கிலாந்தில் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர் என்று அத்தை சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட விடுமுறைகளில் சரித்திரப் புத்தகங்கள் எழுதுவாராம். ஓய்வு பெற்றதும், மலைக்கோட்டையில் நடந்த பழைய சண்டைகளைப் பற்றி எழுதத் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டார். உள்ளூர்ப் பள்ளியில் சரித்திர ஆசிரியையாக இருந்த அத்தைதான் அவருக்கு மொழிபெயர்ப்பு. தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது. அவ்வளவு படித்த மனிதர் உச்சி வெயிலில் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து என்ன கண்டுபிடிக்கிறார் என்று தெரிந்துகொள்ள, நானும் அத்தையோடு ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்து ஊரான அகரத்தில் விவசாயம் பார்த்த பெரியப்பா விஷயம் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். அவர் வீட்டில் ஒரு வாள் இருந்தது. எங்கள் பூட்டனுக்குப் பூட்டன் கோட்டைச் சண்டையில் வெள்ளைக்காரர்களை வெட்டிய வாள். வருடம் தவறாமல் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் அதற்கு உண்டு. ஊர்க்கூட்டத்தில் பெரியப்பாவுக்கு முதல் நாற்காலி கிடைத்ததும் அதன் தயவால்தான்.

கார் போய் நின்றபோது பாதி ஊர் வாசலில் கூடியிருந்தது. பெரியப்பா சண்டையை நடித்தே காட்டினார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாளை மூக்கருகே கொண்டுபோய், கைப்பிடியை ஒட்டியிருந்த துருவைக் கைக்குட்டையால் உரசினார். பிறகு அத்தையிடம் தணிந்த குரலில் ரொம்ப நேரம் ஏதோ சொன்னார். அத்தையின் முகம் வாடியது.

“என்னம்மா சொல்றாரு?” என்றார் பெரியப்பா.

“ரொம்பப் பழசாம்ணே. பத்திரமா வச்சுக்கச் சொல்றாரு.”

அவர் அவ்வளவு நேரம் பேசியது இம்புட்டுத்தானா என்று எனக்குச் சந்தேகம். இடையில் புகுந்து எட்டிப் பார்த்தேன்.

“பெரியப்பா, இதுல இங்கிலீசு எழுத்து இருக்கு!”

அத்தைக்கு வேறு வழியில்லை. “கும்பினிக்காரங்க அவங்க சிப்பாய்களுக்குக் குடுத்த வாளாம்ணே” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

அப்படியானால் பூட்டன் எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டான்? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஏன்டா வாயைத் திறந்தோம் என்றிருந்தது எனக்கு.

“பெறகு? வெள்ளைக்காரன்கிட்ட புடுங்குன வாள்ல தமிழாடா எழுதியிருக்கும்?” என்றார் கூட்டத்தைப் பார்த்து.

ஊரே சிரித்தது. அத்தை மொழிபெயர்த்ததும் தலைமையாசிரியர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு நோட்டை எடுத்து, அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. பெரியப்பா சொன்னது நிஜமா பொய்யா என்று தலைமையாசிரியரிடம் கேட்கும்படி அத்தையை நச்சரித்தேன். முன்சீட்டிலிருந்து திரும்பி, பெரிய ஆளுக்குப் பதில் சொல்வதுபோல அவர் பேசினார்.

“பூட்டன் புடுங்கியும் இருக்கலாம், கும்பினிச் சிப்பாயாவே இருந்தும் இருக்கலாமாம்” என்றாள் அத்தை. “தலைமையாசிரியரா இருந்தப்ப, எதுக்க நிக்கிற பையன் மூஞ்சியப் பாத்ததுமே பொய்யா நெசமான்னு சொல்லிருவாராம். சரித்திரம் எழுத ஆரம்பிச்ச பெறகு அப்படிச் சொல்ல முடியலையாம்.”

வயதாகிவிட்டால் தலைமையாசிரியர்களுக்கும் மூளை மழுங்கிவிடும் என்று அன்று புரிந்துகொண்டேன். மனிதர் மேல் ரொம்பப் பாவமாக இருந்தது. அத்தை எனக்கு வாங்கித் தந்திருந்த கடலை மிட்டாயில் பெரிய துண்டாகப் பார்த்து அவரிடம் நீட்டினேன்.