மதியச் சரக்கு வண்டி

ரயிலடித் தெருவில் சலூன் வைத்திருப்பவரைப் 'பளபளா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பழசு என்றாலே அவருக்கு ஆகாது. ரயில் ஓடிய காலத்தில் அப்பா வாங்கிப்போட்ட சுழல் நாற்காலியைக் காயலான் கடைக்குத் தள்ளினார். மரக்கதவைக் கழற்றிக் கண்ணாடிக்கதவு மாட்டினார். சுவருக்கு வெள்ளை பெயின்ட் வேறு. பக்கத்துப் பூட்டுக்கடைக்காரரோ சுத்தச் சோம்பேறி. ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கியதில்லை.

அந்தச் சோம்பேறிக்குத்தான் யோகம் அடித்தது. ரயில் பாதையோடு பிறந்த தெருவாம், அதனால் அரசாங்கம் பாதுகாக்கப் போகிறதாம். பழமை உள்ள கடைகள் நிற்கும். மற்றதை இடித்துவிட்டு, கார் நிறுத்த இடம். பளபளா ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார்.

"நாற்காலிய விக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

திட்டிக்கொண்டேதான் ஒரு வாளி தேயிலைச் சாயம் காய்ச்சினாள். இருவருமாக வெள்ளைச் சுவர் முழுக்கப் பூசினார்கள். பூட்டுக்கடையிலிருந்து ஒரு துருப்பிடித்த நாற்காலி இரவலாக வந்தது.

மறுநாள், எந்தக் கடை நிற்கும் என்று முடிவு செய்யும் அதிகாரி வந்தார். சுவரை மோந்து பார்த்தார்.

"டீ வாசனை வருதே?"

"பழைய சுவருங்க... அந்தக் காலத்துல டீக்கடைக்காரர்தான் இதுல சாஞ்சு உக்காருவாரு" என்று உளறினார் பளபளா.

தேறாது என்று அதிகாரியின் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. வந்ததற்குச் சவரமாவது செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தார்.

ஒரு கன்னம் முடிந்து கத்தி கழுத்துக்கு இறங்கியது. சட்டென்று பளபளா கத்தியை உயரத் தூக்கி அசையாமல் நின்றார். வாசலில் திட்டிக்கொண்டிருந்த மனைவி பாதி வார்த்தையில் நிறுத்தினாள். எதிர்க்கடைத் தையல் மிஷின் நின்றது. பூட்டுக்கடையில் அரம் ஓய்ந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கின, திட்டும்தான்.

"என்னய்யா இது?" கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார் அதிகாரி.

"மதியச் சரக்கு வண்டிங்க. கட்டடமே ஆடும், கத்தி வைக்கக் கூடாது. பேசுனாலும் காதுல விழாது."

"தண்டவாளத்தையே பிடுங்கிட்டாங்களே!"

"பிடுங்கிட்டாங்க. கை கேக்க மாட்டேங்குதே."

அதிகாரி பாதிச் சவரத்தோடு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரு பூரா துருப்பிடிச்ச இரும்பத்தான்யா பாத்தேன். வண்டிய இங்கதான் பாத்தேன். உங்க கடை நிக்கும்."

பளபளாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு" என்று சுவரைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார் அதிகாரி. "எல்லாம் இன்னைக்கு இருக்குற மாதிரியே இருக்கணும். நாற்காலி, சுவர், எதையும் மாத்தக் கூடாது."

அடுத்த நாள் மதியம் பளபளா ஒரு வாடிக்கையாளருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். மனைவி மறுபடி திட்ட ஆரம்பித்தாள்.

"ஆயுசு பூரா இந்தச் சாயச் சுவத்துக்குள்ளதான் கெடக்கணுமா? கறை மங்குனா யாரு..."

வண்டி நேரம். கத்தி மேலே போனது, அவள் வாயும் நின்றது. தெரு ஓய்ந்து மறுபடி ஓடத் தொடங்கியது. கத்தி மட்டும் இறங்கவில்லை. அவளும் இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாடிக்கையாளரின் முகத்தில் சோப்பு நுரை காய்ந்துவிட்டது.

"வண்டி போயிடுச்சாண்ணே?" என்று கிசுகிசுத்தார் அவர்.

"இல்ல தம்பி" என்றார் பளபளா. "இன்னைக்குப் பெட்டி ஜாஸ்தி."