பதிலுக்குக் காத்திருக்கும் வீடியோ

அந்த வீடியோவில் மேடம், "மெயின்?" என்று கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார். பேச்சில்லை, அசைவில்லை. பின்சுவரில் மின்விசிறியின் நிழல் மட்டும் சுற்றும். முதல் முறை பார்ப்பவர்கள் நெட் நின்றுவிட்டதென்று செல்போனைத் தட்டுவார்கள்.

மகள் பிறந்த பிறகுதான் திண்டிவனத்தில் ஒயர்மேன் பயிற்சியில் சேர்ந்தேன். மேடம் என்னைவிட இளையவர். பட்டறையில் ஒயரைத் தொடுமுன், "மெயின்?" என்பார். நாங்கள் மெயின் சுவிட்சைப் பார்த்து, "ஆஃப்!" என்று கத்த வேண்டும். பிறகு பாதிப் பாடங்களை மேடம் பேசும் வீடியோக்களாகக் கிளவுடில் ஏற்றி, தியரியை வீட்டிலேயே பார்க்கச் சொன்னார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. "இன்னா மேடம், செல்போனுக்கு எவ பதில் சொல்லுவா? வூட்ல பேய் புடிச்சிச்சின்னு மேல்மலையனூருக்கு இஸ்துக்கினு போயிடுவாங்க" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். மேடமும் சிரித்தார். "நீங்க சொல்ற வரைக்கும் நான் அங்கயே நின்னுக்கினு இருப்பேன்டி."

பயிற்சி முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் மேடம் போய்விட்டார். வீடியோக்களைக் கிளவுடிலிருந்து யாரும் நீக்கவில்லை. குழந்தையால் பல வகுப்புகளைத் தவறவிட்ட எனக்கு அவைதான் கதி. நான் வாய் திறக்க மாட்டேன். மடியில் இருந்த மகள்தான், மேடம் கேட்டதும், "ஆப்" என்பாள்.

ஒருநாள் ஓமந்தூரில் எங்கள் வீட்டுச் சமையலறை சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். பராமரிப்புக்காகச் சாயங்காலம் வரை கரண்ட் வராது என்று அறிவித்திருந்தார்கள். அதை நம்பி மெயினைத் தொடவில்லை. செல்போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. மல்லாட்டைக் கடலைத் தோலை வைத்து விளையாடிக்கொண்டிருந்த மகள் சட்டென்று தலை தூக்கினாள். வாசற்படியில் யாருமில்லை. பெரியவர்களின் முகத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் அந்த இடத்தைப் பார்த்து, "ஆப்" என்றாள்.

ஒயருக்குப் போன என் கை நின்றது. எழுந்துபோய் மெயினில் கை வைத்தேன். அதை இறக்குவதற்குள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

என் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்ததும் வீடியோ பார்த்த பழக்கத்தில் சொல்லியிருப்பாள். அப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லையே.

இப்போது விழுப்புரத்தில் ஒரு பயிற்சி நிலையப் பட்டறையில் உதவியாளராக இருக்கிறேன். புதிய பிள்ளைகளுக்கும் அதே வீடியோதான். போன வாரம் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி கேட்டான்: "அக்கா, நடுவுல சும்மா நிக்கிறாங்களே, அத்த வெட்டிடலாமா? பசங்க பேஜாருன்றாங்க."

"வேணாம்ப்பா."

"யாருக்குக்கா அப்புடி காத்துக்கினு இருக்காங்க?"

அதை வெட்டினால் மேடம் கேட்பதை நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதன் பிறகும் நிறுத்தாவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிது.

மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் அந்த வீடியோவை நான் போட்டே வெகுகாலமாகிறது. இன்று காலை பின்னல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, மரியாதையாக, "ஆஃப் மேடம்" என்றாள்.

நான் திரும்பவில்லை. சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது.