பெரிய மனுசங்க சார்ட்டில் கடைசிக் கட்டம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெட்டி ஒட்டுறதுக்குன்னு, கட்டம் கட்டமாப் பெரிய மனுசங்க தலையை அச்சடிச்ச சார்ட்டு ஒன்னு கடை வாசல்ல தொங்குமே, அதை டிசைன் பண்றதுதான் என் பிழைப்பு. காலையில ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற நேரம் பார்த்து, "அம்மா, இன்னைக்கு விஞ்ஞானி படம் ஒட்டிட்டு வரச் சொன்னாங்க"ன்னு பிள்ளை வாயைத் திறக்கும். தலையைக்கூட முடியாம நீங்க கடைக்கு ஓடியிருப்பீக. நானும் ஓடியிருக்கேன். ஊருக்கே சார்ட்டு போடுறவ வீட்டுல ஒரு சார்ட்டு இருக்காது, என்னத்தைச் சொல்ல!

எங்க பிரஸ்ஸு சிவகாசியில இருந்து விஸ்வநத்தம் போற பக்கம் இருக்கு. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். பிரஸ்ஸுக்குச் சோறு போடுறது பட்டாசுப் பெட்டி லேபிள்தான். சார்ட்டுன்னு பார்த்தா மூணே பேர். டிசைனுக்கு நான், மிஷினுக்குச் சேவியர் அண்ணன், ஷீட்டை அடுக்கிப் பண்டல் கட்ட முத்துமாரி அக்கா. போன சீசன்ல கடைகள்ல இருந்து சார்ட்டு மூட்டை மூட்டையா ரிட்டன் வந்துருச்சு. அண்ணாச்சி எங்க மூணு பேரையும் நிக்க வச்சுச் சொல்லிட்டார்: "உலகத்தை மாத்தினவங்கன்னு புதுசா ஒன்னு போடுவோம். பள்ளிக்கூடம் திறக்கையில ஓடுச்சுன்னா சரி. ஓடலைன்னா சார்ட்டுக்கு ஒரு கும்பிடு, மிஷின் முழுசா லேபிளுக்குப் போயிரும்."

எனக்கும் சேவியர் அண்ணனுக்கும் லேபிள்ல வேலை கிடைக்கும். அக்காவுக்குக் கிடைக்காது, அங்க பண்டல் கட்ட ஏற்கெனவே ஆள் இருக்கு. அக்காவுக்கு ஊர் எம். புதுப்பட்டி. முன்னால ஒரு பட்டாசு ஆலையில வெடிக்குத் திரி செருகிக்கிட்டு இருந்தவங்க. தீப்பிடிச்சு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோய், ஆஸ்பத்திரியில கிடந்து பிழைச்சு வந்தவங்க. இந்த வேலை போச்சுன்னா திரும்ப அந்தத் திரிக்குத்தான் போகணும். அதனால இருபத்து நாலு கட்டத்துல யாரை வைக்கிறதுன்னு நான் யோசிக்கும்போதெல்லாம் அக்கா முகம்தான் முன்னால வந்து நிக்கும்.

பரட்டைத் தலை

எங்க பிரஸ்ஸில இந்தப் பெரிய மனுசங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை. பாதிப் பேரு வாயில நுழையாது. ஆப்பிள் விழுந்தவர், பல்புக்காரர், ரேடியம் அம்மா, தடுப்பூசி டாக்டர், குரங்குத் தாத்தா, பரட்டைத் தலை. இப்படித்தான். மரியாதைக் குறைச்சல்னு நினைச்சிராதீக. வீட்டுல பெரியம்மாவைப் பேர் சொல்லியா கூப்பிடுறோம்? கூடவே கிடந்து பழகிட்டா உறவு வந்துருது. "ரேடியம் அம்மாவுக்கு முகம் மஞ்சளடிக்குது, என்னன்னு பாரும்மா"ன்னு சேவியர் அண்ணன் மிஷின்கிட்ட இருந்து கத்தினா, சொந்தக்காரிக்குக் காமாலை வந்த மாதிரி எனக்குப் பதறும். அந்த அம்மா பட்ட பாட்டைப் படிச்சதுல இருந்து அவங்க மேல எனக்கு அம்புட்டுப் பிரியம்.

புதுச் சார்ட்டுல யாருக்குப் பெரிய கட்டம் கொடுக்கலாம்னு விருதுநகர்ல ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். பிள்ளைகள் மனசு அவருக்குத்தானே தெரியும். மனுசன் யோசிக்கவே இல்லை. "பரட்டைத் தலைக்குக் கொடும்மா. முதல் மார்க் வாங்குற பிள்ளையும் அவரைத்தான் கேக்குது, பெயிலாப் போன பிள்ளையும் அவரைத்தான் கேக்குது. நாக்கை நீட்டுற படம் இருந்தா இன்னும் ஒரு பண்டல் சேர்த்து அனுப்பு."

தலைக்குப் பின்னால சூரியன்

சார்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் சாமி காலண்டர் போட்டுக்கிட்டு இருந்தவ. எங்க தொழில்ல புதுசா எதையும் வெறும் பக்கத்துல ஆரம்பிக்க மாட்டோம். பழைய பைல் ஒன்னைத் திறந்து, உள்ள இருக்கிற ஆளை மட்டும் மாத்திக்கிட்டே போவோம். நான் அவசரத்துல திறந்தது ஒரு முருகன் காலண்டர் பைல். மயிலை எடுத்தேன், வேலை எடுத்தேன், பின்னால இருந்த ஒளிவட்டத்தை எடுக்க மறந்துட்டேன். ஷீட்டு ஓடி வெளிய வந்து விழுது, இருபத்து நாலு பேர் தலைக்குப் பின்னாலயும் சூரியன் தகதகன்னு எரியுது. சாமியே கிடையாதுன்னு காலம் பூரா வாதாடின ஒரு ஆளுக்கும் சேர்த்துத்தான். அண்ணாச்சி தலையில கை வச்சுட்டு உட்கார்ந்துட்டார்.

தப்பா அடிச்ச ஷீட்டை எங்க ஊர்ல வீணாக்க மாட்டாங்க. பட்டாசுக்குக் குழல் சுத்த அனுப்பிருவாங்க. சாமி படம்னா மட்டும் எங்க பிரஸ்ஸில இருந்து போகாது, வெடிச்சுச் சிதறி யார் காலடியிலாவது கிடக்கும்னு ஒரு பயம். இந்த ஷீட்டை அண்ணாச்சி குழலுக்குத் தள்ளச் சொன்னார். முத்துமாரி அக்கா பண்டல் கட்ட மாட்டேன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. "ஏம்மா, இவங்க சாமி இல்லை, நம்மளை மாதிரி மனுசங்க"ன்னு அண்ணாச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னார். அக்கா அசையலை. "சாமி இல்லைன்னா இல்லாமப் போகட்டும் அண்ணாச்சி. அதுக்காக, ஊசி கண்டுபிடிச்சுப் பிள்ளைகளைக் காப்பாத்துன மனுசன் தலையில கொண்டுபோய்த் திரியைச் செருகச் சொல்றீகளா?"

காப்பிக்கலர் கோட்டு

பழைய படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. கலர் நாங்கதான் கொடுக்கணும். நல்லாருக்கட்டும்னு ஆப்பிள் விழுந்தவர் தோள்ல துண்டு மாதிரி இருந்த சால்வைக்குக் கறுப்பும் சிவப்புமாக் கரை போட்டேன். பல்புக்காரர் கோட்டுக்குப் பச்சை. எங்ககிட்ட மொத்தமா எடுத்து மத்த ஊர்களுக்கு அனுப்புற ஏஜெண்ட் ஒருத்தர் உண்டு. ஜிப்பாவும் ஜவ்வாது வாசமுமா வருவார். ஷீட்டைப் பார்த்ததும் அரண்டுபோயிட்டார். இந்தக் கலர் அந்தக் கட்சி, அந்தக் கலர் இந்தக் கட்சி, எலெக்‌ஷன் நேரத்துல கடைக்காரன் தொங்கவிட மாட்டான்னு ஒவ்வொன்னாத் தட்டிக் கழிச்சுக்கிட்டே வந்தார். கடைசியில மிஞ்சுனது காப்பிக்கலர் ஒன்னுதான். இன்னைக்கும் எங்க சார்ட்டை எடுத்துப் பாருங்க, உலகத்தை மாத்தின அம்புட்டுப் பேரும் ஒரே ஜவுளிக்கடையில துணி எடுத்த மாதிரி காப்பிக்கலர் கோட்டுல நிப்பாங்க. ஏஜெண்ட் சொல்லிட்டுப் போனது இதுதான்: "உலகத்தை மாத்தினவரா இருக்கலாம்மா, கட்சி மாத்தினவராட்டம் தெரியக் கூடாது."

சேவியர் அண்ணன் வச்ச சந்தனம்

சேவியர் அண்ணன் ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற வேதக்காரர். ஆனா ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைச்சு மாலை போடுறதுல அவரை யாரும் மிஞ்ச முடியாது. இந்தத் தடவை மிஷின் மேல ஒரு படம் ஒட்டியிருந்தார். எங்க பழைய சார்ட்டுல இருந்து வெட்டி எடுத்த படம். எழுத்து எழுத்தாக் கோத்து அச்சடிக்கிற வித்தையை ஐரோப்பாவுக்குக் காட்டின தாடிக்காரர். அவர் நெத்தியில பெரிசா ஒரு சந்தனப் பொட்டு.

பூசை வைக்க வந்த அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "ஏலே சேவியரு, இருபத்து நாலு பேர் இருக்க, இவருக்கு மட்டும் என்னலே சந்தனம்?"னு கேட்டார். அண்ணன் எண்ணெய்க் கையை வேட்டியில துடைச்சுக்கிட்டே சொன்னார். அவர் அப்படிச் சொன்னப்ப எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிருச்சு. "மத்தவுக எல்லாம் தனக்குத் தெரிஞ்சதைச் சொன்னாக அண்ணாச்சி. அதை எனக்கும் தெரிய வச்சவரு இவருதான்."

கடைசிக் கட்டம்

இருபத்து மூணு கட்டத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லலை. வலது பக்கம் கீழ் மூலையில கடைசிக் கட்டம். அதுல நான் ஒரு இங்கிலாந்து டாக்டரை வச்சிருந்தேன். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சும், புண்ணு சீழ் பிடிச்சு ஜனங்க கொத்துக் கொத்தாச் செத்த காலம் அது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் காரணம், புண்ணையும் கையையும் கத்தியையும் கிருமி சாகிற மருந்து போட்டுக் கழுவுங்கடான்னு சொன்னவர். கூட இருந்த டாக்டர்கள்ல எத்தனையோ பேர் கேலி பண்ணியிருக்காங்க. மனுசன் விடலை. இன்னைக்கு ஒரு நர்ஸம்மா கையைக் கழுவிட்டு நம்ம புண்ணைத் தொடுதுன்னா அதுக்குப் பின்னால அவர் இருக்கார். ஆனா பாவம், பிள்ளைகளுக்கு அவர் மூஞ்சியே தெரியாது.

ஏஜெண்ட் மறுபடி வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "யாரு இவரு? இவரை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு சினிமா ஹீரோவைப் போடுங்க. அடிக்கிற அம்புட்டையும் நானே எடுத்துக்கிறேன், ஒரு ஷீட்டு ரிட்டன் வராது." எனக்கு வந்துச்சே கோவம்! ஹீரோ எந்த உலகத்தை மாத்துனாருன்னு கேட்டுட்டேன். அண்ணாச்சி என்னை அடக்கினார். "ரிட்டன் வரலைன்னா சார்ட்டும் மூட வேண்டாம் ராணி, பார்த்துக்கோ"ன்னு மெதுவாச் சொன்னார். டாக்டர் போனா என்ன, அக்கா பிழைச்சா போதும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

பண்டல் கட்டுற இடத்துக்குப் போய், "அக்கா, உங்க வேலை தப்பிச்சுருச்சு"ன்னேன். அக்கா சாக்கை உதறிட்டு எந்திரிச்சாங்க, சந்தோசத்துல முகம் அப்படிப் பூத்துப்போச்சு. எப்படின்னு கேட்டாங்க. சொன்னேன். யாரை எடுக்கீகன்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். அந்த டாக்டர் செஞ்சது இன்னதுன்னு நான் சொல்லச் சொல்ல, அக்கா ஆஸ்பத்திரியில கிடந்ததைப் பேச ஆரம்பிச்சாங்க. தினமும் காலையில நர்ஸு வந்து கட்டைப் பிரிச்சு, மருந்து போட்டுக் கழுவும்போது உயிர் போகுமாம். கழுவாதேன்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சினாங்களாம். அந்த நர்ஸு தானும் அழுதுக்கிட்டே கழுவிச்சாம். பக்கத்துல ஒரு பெரிய டாக்டர், சீழ் பிடிக்கலை, கை தப்பிச்சதுன்னு சொன்னாராம்.

பேசிக்கிட்டே இருந்தவங்க விறுவிறுன்னு அண்ணாச்சி ரூமுக்குள்ள போயிட்டாங்க. நான் பின்னாலயே ஓடினேன். ஏஜெண்ட் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தார். அக்கா சேலைத் தலைப்பை ஒதுக்கி, சுருங்கிப்போன அந்த வலது கையை மேசை மேல வச்சாங்க. எப்பவும் முந்தானைக்குள்ள மறைச்சு வைக்கிற கை அது. "நான் திரிக்கே போறேன் அண்ணாச்சி, போய்க்கிறேன். இந்தக் கை மிஞ்சுனது யாராலன்னு இம்புட்டு நாளு எனக்குத் தெரியாது, இன்னைக்குத்தான் ராணி சொன்னா. தெரிஞ்ச அன்னைக்கே என் பிழைப்புக்காக அவரை வெளிய பிடிச்சுத் தள்ளச் சொல்றீகளா?"

பள்ளிக்கூடம் திறந்துச்சு

அண்ணாச்சி ஏஜெண்டுக்கு இன்னொரு காப்பி சொன்னார், அதைக் குடிக்க வச்சு அனுப்பிட்டார். டாக்டர் மூலையிலயே நின்னார். ஷீட்டு ஓடுச்சு. ஏஜெண்ட் பாதிதான் எடுத்தார். மீதியைக் கடை கடையா நாங்களே அனுப்பினோம். விருதுநகர்க்காரர் ரெண்டு தடவை கேட்டு வாங்கினார். ஆமத்தூர்ல இருந்து ஒரு டீச்சர் நேர்லயே வந்து வாங்கிட்டுப் போனாங்க. பிய்ச்சுக்கிட்டுப் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சீசன் முடிஞ்சப்ப ரிட்டன் வந்துச்சு. போன தடவையை விடக் குறைச்சல்தான், ஆனாலும் வந்துச்சு.

ரிட்டன் பண்டலை இறக்கின அன்னைக்கு அக்கா சாப்பாட்டுத் தூக்கையும் மாத்துச் சேலையையும் ஒரு பையில எடுத்து வச்சுட்டாங்க. அண்ணாச்சி ஒரு பண்டலைப் பிரிச்சார், ஒரு ஷீட்டை எடுத்து மூலையில நின்ன டாக்டரைப் பார்த்தார். "இம்புட்டையும் உங்க ஊருக்குக் கொண்டுபோ முத்துமாரி. உன்கூட வேலை பார்த்தவுக வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடு. வேன் அனுப்புறேன். கொடுத்துட்டு நாளைக்கு நேரத்துக்கு வந்துரு, அடுத்த சார்ட்டுக்குப் பேப்பர் வருது, நீ இல்லாம யாரு இறக்குவா?" அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, அண்ணாச்சிகிட்ட ஒரு கோரிக்கை வச்சாங்க. "அடுத்த தடவை அந்த டாக்டரை நடுக்கட்டத்துல நிறுத்துங்க அண்ணாச்சி, மூலையில நின்னு நின்னு அவருக்குக் கால் வலிக்கும்."

உலகத்தை மாத்துறது அந்த இருபத்து நாலு பேருக்கும் கைவந்த கலையா இருந்திருக்கலாம், ஆனா எங்க அண்ணாச்சி மனசை மாத்தினது பண்டல் கட்டுற ஒருத்திதான்ங்கிறதை எந்தக் கட்டத்துல அச்சடிக்கிறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை.