இரண்டாவது பிஸ்கட்

காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிஸ்கட்டை வைத்ததும் விட்ஸ்கே டின் மூடியை டப்பென்று அழுத்திவிடுவாள். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றாலும், இவள் மூடுகிற சத்தம் வாசல் வரை கேட்கும். நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்களுக்கு அந்த பிஸ்கட் ஒரு பரீட்சை. மேசைக்கு அடியில் நாய்க்கு ரகசியமாக ஒரு துண்டு நீட்டினால் தீர்ந்தது. "செல்லம் குடுத்தே கொன்னுடுவீங்க. போயிட்டு வாங்க" என்பாள்.

அறுபத்தாறு வயது. முப்பது வருடமாக ஸ்டாபி நாய் வளர்க்கிறாள். கறுப்பும் வெள்ளையுமாக, தொங்கு காதும் சாந்தமான கண்ணும் உள்ள இனம். புல்வெளியைத் தோண்டிப் போடும் அகழெலிகளைப் பிடிக்க அப்போதெல்லாம் பண்ணைக்கு ஒன்று வேண்டும். ஒரு குட்டிக்கு ஒரு வண்டி வைக்கோல், கணக்கு முடிந்தது. நாய் ஈனும் நாட்களில் அவளும் கணவன் கெர்லோஃப்பும் அடுப்படியிலேயே மெத்தை போட்டுப் படுத்து, குட்டிகளுக்குப் பெயர் வைப்பதில் சண்டை போடுவார்கள். அவன் இறந்துபோய் நான்கு வருடமாகிறது. அந்தச் சண்டைக்கு அவள் மனம் இன்னும் ஏங்குகிறது.

இப்போது நாயை இணை சேர்ப்பதற்கு முன்னால் எக்ஸ்ரே, கண் சோதனை, ரத்தச் சோதனை. டாக்டருக்குக் கொடுப்பதில் அந்த வைக்கோல் வண்டியை டிராக்டரோடு வாங்கிவிடலாம். வீட்டுக் கூரை வேறு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. இப்போது வளர்க்கும் பெட்டை நாய் ஃபாம்கே குட்டி போட்டால், விற்ற காசில் கூரையை மாற்றிவிடலாம் என்று நம்பியிருந்தாள். நேற்று எக்ஸ்ரே முடிவு வந்தது. இடுப்பு மூட்டு சரியில்லை, குட்டிகளுக்கும் வரும், இணை சேர்க்கக் கூடாது.

மூன்று வருடமாகக் குட்டிக்குக் காத்திருக்கும் பேக்கரிக்காரன் இடே இன்று காலை வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் தொங்கிப்போயிற்று.

"எக்ஸ்ரேயாவது ஒண்ணாவது! நல்லாத்தானே துள்ளிக்கிட்டு ஓடுது. எனக்கு சர்ட்டிபிகேட் எதுக்குக்கா? பேசாம சேர்த்து விடுங்க. ரெட்டிப்பா தர்றேன், இப்பவே. உங்க கூரையும் ஆச்சு, எம்பிள்ளைங்களுக்கு நாயும் ஆச்சு."

மூலையில் இருந்த வாளியில் சொட்டு விழுந்தது. விட்ஸ்கே எழுந்துபோய் வாளியை ஒழுகும் இடத்துக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

"ஒரு தடவை அப்படித்தான் செஞ்சோம் தம்பி. அப்போ மாடு வச்சிருந்தோம், பால் விலை விழுந்த வருஷம். எக்ஸ்ரே எடுக்கக் காசில்ல, கண்ணை மூடிக்கிட்டு சேர்த்துட்டோம். அதுல பிறந்த குட்டி ஒண்ணை, வாங்கினவங்களே ரெண்டு வருஷத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டாங்க. படி ஏற முடியாது. ஒம்போது வருஷம் எங்க கெர்லோஃப்தான் அதைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு."

"அப்போ குட்டி?"

"எங்கிட்ட இனிமே இல்ல. வேற வீட்டுல நல்ல குட்டி பிறந்தா நானே போன் பண்றேன்."

இடே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். ஃபாம்கே அவன் முழங்காலில் தாடையைச் சாய்த்தது. தன் பிஸ்கட்டை உடைக்கப் போனவன், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு விட்ஸ்கேயைப் பார்த்தான்.

அவள் டின்னை இழுத்து மூடியை மறுபடி திறந்தாள். இன்னொரு பிஸ்கட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து மேசைக்கு அடியில் கொண்டுபோனாள்.