மதிய மணி அடித்தும் எழாத வகுப்பு

ஆண்டவருக்குள் இளைப்பாறும் எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் அனைவருக்கும் வணக்கம். அட்டையின் உட்புறத்தில் ‘பதின்மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணி’ என்று அச்சிட்டிருக்கிறோம். பணி ஆணைப்படி அது சரி. என் நாட்குறிப்பின்படி நான்கு மாதங்கள் குறைவு. அம்மா ஆசிரியை ஆனது ஜூன் மாதத்தில் அல்ல. அதற்கு முந்தைய பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை மதியம்.

அம்மா பிறந்தது வண்டலூரை அடுத்த சிற்றூரில். பிளஸ் டூ முடித்ததும் திருமணம், முடிச்சூரில் குடித்தனம். இருபத்தேழு வயதில், நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்தார். தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. பதினான்கு ஆண்டுகள் வகுப்பறைகளைத் திறந்தார், சுற்றறிக்கை கொண்டுபோனார், அலுவலக வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் பாடவேளைக்குப் பாடவேளை மணி அடித்தார். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே தாழ்வாரத்தில் நின்று கணக்குப் பாடம் கேட்டார். அஞ்சல்வழியில் கணிதப் பட்டம் பெற்றபோது வயது நாற்பது. மறு ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு பி.எட். சேர்ந்தார்.

மணி அடிக்கும் வேலை எழுத்தர் சேகர் அண்ணனிடம் வந்தது. “இன்னாக்கா, பையன் பத்தாவது, நீங்க காலேஜு. வூட்ல யாருக்கு யாரு ஹோம்வொர்க் சொல்லித் தர்றது?” என்று கேட்டார்.

“அதை நாங்க பார்த்துக்கறோம் சேகர். நீ மணியை நேரத்துக்கு அடி.”

பயிற்சி வகுப்புகளை அம்மா அதே பள்ளியில்தான் எடுத்தார். ஜூனில் கணித ஆசிரியர் இடம் ஒன்று காலியாகவிருந்தது. செய்முறைத் தேர்வில் தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும். அம்மா மீண்டும் மணிக்கே திரும்ப வேண்டும். இன்னொரு ஆண்டு விடுப்புக்கு வழியில்லை.

அந்த வியாழக்கிழமை இரண்டு தேர்வாளர்கள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்கரத்தின் நான்கு கோணங்களும் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று என்பது பாடம். ஆளுக்கொரு காகித நாற்கரம் வெட்டி, நான்கு மூலைகளையும் கிழித்துக் கையில் வைத்திருந்தார்கள் பிள்ளைகள். மணி பன்னிரண்டு நாற்பது, சாப்பாட்டு மணி அடிக்க வேண்டிய நேரம். வந்தவர்களுக்குத் தேநீர் ஏற்பாடு செய்துகொண்டிருந்த சேகர் அண்ணன் மணியை மறந்துவிட்டார். அம்மாவின் கைகளுக்கு அது மறக்கவில்லை.

அதே பள்ளியில், அடுத்த அறையில் பத்தாம் வகுப்பில் இருந்த நான் பார்த்தேன். பயிற்சி ஆசிரியைகளின் நீலக்கரைச் சேலை தாழ்வாரத்தில் ஓடியது. சாக்பீஸ் பிடித்த கையாலேயே மணி அடித்துவிட்டுத் திரும்பி ஓடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பள்ளி முழுவதும் சாப்பாட்டுக்குப் பறக்க, நான் ஒன்பதாம் வகுப்பு வாசலுக்குப் போனேன்.

“நீங்க டீச்சரா, பியூனா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் மூத்த தேர்வாளர்.

“பிள்ளைங்களுக்குப் பசிக்கும் மேடம். மன்னிச்சிடுங்க” என்றார் அம்மா.

அப்போதுதான் அந்த அம்மையார் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசைப் பெண்ணிடம், “பெல் அடிச்சாச்சே, போகலையா?” என்றார்.

“இன்னும் ஒட்டலையே மேடம்” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள் அவள். நான்கு காகித மூலைகள்.

தேர்வாளர் பேனாவை மூடினார். “முடிச்சிட்டு அனுப்புங்க டீச்சர்.”

அம்மாவை டீச்சர் என்று அழைத்த முதல் குரல் அது. ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு மூலைகளும் இடைவெளியின்றிப் பொருந்தும்வரை அந்த வகுப்பு பசியோடு உட்கார்ந்திருந்தது. எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். அந்த ஏழு நிமிடங்களுக்கு ஈடாக என்னை வியக்கவைத்தது எதுவுமில்லை.

ஐம்பத்தைந்தாம் வயதில், மருத்துவமனையில் ஒரு மதியம், “மணி என்னடா?” என்றார்.

“பன்னிரண்டு நாற்பதும்மா.”

“பிள்ளைங்க சாப்பிடப் போயிருக்கும்.”

“உன் கிளாஸ் மட்டும் போயிருக்காது.”

சிரித்தார். அதன் பிறகு ஆறு நாட்களே இருந்தார்.

விடுப்பு தந்த அன்றைய தலைமையாசிரியருக்கும், படிப்புக் காலத்தில் எனக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அத்தைக்கும், கடைசி நாட்களில் உடனிருந்த செவிலியர்களுக்கும், அடக்க ஆராதனைக்கு வந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சேகர் அண்ணனுக்குத் தனியாக ஒன்று. அந்த மறதிக்காக இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள். அண்ணே, அன்று நீங்கள் நேரத்துக்கு மணி அடித்திருந்தால், எங்கள் அம்மா யார் என்று எங்களுக்கே தெரியாமல் போயிருக்கும்.