பஸ்ஸில் பிரித்த கட்டுரைகள்

வேதியியல் கற்பித்தல் பற்றி வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் என் முனைவர் பட்டத் தலைப்பு. ஜவ்வாது மலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகச் செய்துவந்தேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும் கெடுவை ஏற்கெனவே நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு முறை தர மாட்டார்கள், பதிவு ரத்தாகிவிடும்.

ஒவ்வொரு கட்டுரையும் செய்முறை பற்றியதா, கணினி பற்றியதா, பாடத்தில் வரும் குழப்பம் பற்றியதா என்று வகை பிரிக்க வேண்டும். நான் மட்டும் பிரித்தால் செல்லாது. இன்னொருவரும் தனியாகப் பிரித்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட வேண்டும். எங்கள் இயற்பியல் டீச்சர் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்.

இருவரும் சந்தவாசலில் ஒரே பஸ் ஏறுவோம். முதலில் ஏறுகிறவர் கைப்பையைப் போட்டு மற்றவருக்கு இடம் பிடிப்பார். மலை வளைவுகளில் குமட்டாமல் இருக்கப் பேசிக்கொண்டே போவோம்.

"அந்தக் கட்டுரைக்கு இன்னா போட்டீங்க, மேடம்?" என்பார்.

சொல்வேன்.

"நானும் அதான் போட்டேன்" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

முடிவுகளைப் பார்த்த என் ஆய்வு நெறியாளர் போனில் கேட்டார்: "ஒண்ணுகூட மாறலியே. சேர்ந்து உட்கார்ந்து பிரிச்சீங்களா?"

"இல்ல சார், பஸ்ல வரும்போது..." என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தனித்தனியாக மறுபடி செய்யச் சொல்லிவிட்டார். கெடுவோ அடுத்த மாதம்.

மறுநாளிலிருந்து நான் முன் சீட்டில், டீச்சர் கடைசி சீட்டில். "இன்னா டீச்சர், சண்டையா?" என்று கண்டக்டர் கேட்டார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. பின்னால் திரும்பித் திரும்பி டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பயந்தபடியே இந்த முறை இரண்டும் ஒத்துப்போகவில்லை. கணினித் திரையில் நடக்கும் சோதனைகளை எல்லாம் நான் செய்முறையில் சேர்த்திருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் கோடையில் தண்ணீர் வராது; அப்போது சோதனைகளைத் திரையில்தான் காட்டுவேன். திரையில் நிறம் மாறினாலும் எனக்கு அது செய்முறைதான். டீச்சர் அத்தனையையும் கணினியில் போட்டிருந்தார். செய்முறை பற்றிய ஆய்வுகள் பெருகுகின்றன என்று ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். அவர் பிரித்த விதத்தில் அவை குறைந்துகொண்டு வந்தன.

"கையில பிப்பெட்டே புடிக்கல, அது இன்னா செய்முறை? அப்போ பஸ்ல நீங்க சொன்னீங்களேன்னு நானும் போட்டுட்டேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "நான் வேணா மாத்திக் குடுத்துடறேன், மேடம். உங்க பட்டம் போய்டப் போவுது."

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பரீட்சையில புள்ளைங்க பார்த்து எழுதினா பேப்பரைப் புடுங்கறோமே, டீச்சர்" என்றேன்.

அவர் பிரித்ததை அப்படியே நெறியாளருக்கு அனுப்பினேன். அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று பதில் வந்தது. வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.